மைதா ஒரு கப் என்றால் எத்தனை கிராம்? கப் அளவுக் குறிப்புகளை எடைக்கு மாற்றுவது பற்றி

1. நொய்யல்கரை

எல்லோருக்கும் வணக்கம். ஒரு வருடமாக வீட்டிலேயே கேக் செய்து, தெரிந்தவர்களுக்குக் கொடுத்து வருகிறேன். என் சாக்லேட் கேக்குக்கு ஒரு அமெரிக்கக் குறிப்பைத்தான் பின்பற்றுகிறேன்:

மைதா 1¾ கப், சர்க்கரை 2 கப், கோகோ பவுடர் ¾ கப், பேக்கிங் பவுடர் 1½ டீஸ்பூன், சோடா 1½ டீஸ்பூன், உப்பு 1 டீஸ்பூன், முட்டை 2, பால் 1 கப், எண்ணெய் ½ கப், வெனிலா 2 டீஸ்பூன், கடைசியில் கொதிக்கிற தண்ணீர் 1 கப்.

போன மாதம் அடுத்தடுத்து இரண்டு சனிக்கிழமை இதே கேக்கைச் செய்தேன். அதே டின், அதே ஓவன், அதே சூடு. முதல் கேக் பஞ்சு மாதிரி வந்தது. இரண்டாவது நடுவில் மேடாக எழும்பி, வெடித்து, மறுநாள் காய்ந்த ரொட்டி போல ஆகிவிட்டது. வாங்கிப் போன அக்கா "போன தடவை மாதிரி இல்லையேம்மா" என்று மட்டும்தான் சொன்னார். பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. ஆனால் அந்த ஒரு வார்த்தை மனதை விட்டுப் போகவே இல்லை.

கப்பை விட்டுவிட்டு எடைக்கு மாறிவிடலாம் என்று ஐந்து கிலோ வரை நிறுக்கிற, ஒரு கிராம் காட்டுகிற தராசு வாங்கிவிட்டேன். இப்போது பிரச்சினை என்னவென்றால், மைதா ஒரு கப் என்றால் ஒருவர் 120 கிராம் என்கிறார், இன்னொருவர் 125, வேறொருவர் 142, ஒரு வீடியோவில் 150. எதை நம்புவது?

2. சூடான_ஓவன்

ரொம்பச் சுலபம் சகோதரி. ஒரு கப் 250 மி.லி. அதனால் ஒரு கப்புக்கு 250 கிராம் என்று போட்டுக்கொள்ளுங்கள். அரை கப்புக்கு 125. குழப்பமே இல்லை.

3. மனையியல்_டீச்சர்

தம்பி, மன்னிக்கவும், இதை இங்கேயே நிறுத்திவிட வேண்டும். புதிதாகக் கற்பவர்கள் படித்துவிட்டு அப்படியே செய்துவிடுவார்கள்.

மி.லி. என்பது ஒரு பொருள் அடைத்துக்கொள்ளும் இடம். கிராம் என்பது அதன் எடை. இரண்டும் ஒன்றாக வருவது தண்ணீருக்குத்தான். பால், தயிர், மோர் இவையும் கிட்டத்தட்ட அப்படித்தான், சற்றுக் கூடும். மற்றதெல்லாம் வேறு. ஒரே 240 மி.லி. கப்பில் எண்ணெய் ஊற்றினால் 220 கிராம் இருக்கும், தேன் ஊற்றினால் 340 வரும். சர்க்கரை 200. கோகோ பவுடர் 85 கிராம்கூட எட்டாது, அவ்வளவு லேசு. நொய்யல்கரை சொன்ன குறிப்பில் முக்கால் கப் கோகோ என்றால் 64 கிராம்தான். உங்கள் கணக்குப்படி 188 கிராம் கொட்டினால் அந்தக் கேக்கை வாயில் வைக்க முடியாது.

முப்பது வருடம் பள்ளியில் மனையியல் சொல்லிக்கொடுத்தவள் நான். பிள்ளைகள் அதிகம் தடுக்கி விழுந்த இடம் இதுதான்.

4. சூடான_ஓவன்

சரிங்க டீச்சர், புரிந்தது. நான் பாலும் தயிரும் மட்டும்தான் நிறுத்துப் பார்த்திருக்கிறேன், அவை சரியாக வந்ததால் எல்லாமே அப்படித்தான் என்று நினைத்துவிட்டேன். மேலே உள்ள பதிவை யாரும் பின்பற்ற வேண்டாம்.

5. டல்லாஸ்வாசி

பதினான்கு வருடமாக அமெரிக்காவில் இருக்கிறேன், இங்கே உள்ள வழக்கத்தைச் சொல்கிறேன்.

நீங்கள் பார்த்த எண்களில் தப்பான எண் எதுவும் இல்லை. மைதா மட்டும் கப்பில் எப்படி விழுகிறது என்பதைப் பொறுத்து எடை மாறும். கரண்டியால் பூப்போல அள்ளிக் கப்பில் போட்டு, கத்தியின் முதுகால் வழித்தால் 120, 125 வரும். கப்பையே மாவு டப்பாவுக்குள் விட்டு அள்ளினால் 140, 150 வந்துவிடும். கப்பைத் தரையில் தட்டினால் இன்னும் ஏறும். சலித்த மாவை நிரப்பினால் 110 பக்கம் இறங்கும்.

ஆகவே குறிப்பை எழுதியவர் எப்படி அள்ளுகிறவர் என்பதுதான் கேள்வி. இங்கே கிங் ஆர்தர் மாவு நிறுவனத்தார் தங்கள் குறிப்புகள் எல்லாவற்றிலும் ஒரு கப்புக்கு 120 கிராம் என்று வைத்திருக்கிறார்கள். அமெரிக்காஸ் டெஸ்ட் கிச்சன் என்ற டிவி சமையல் நிகழ்ச்சிக்காரர்கள் 5 அவுன்ஸ், அதாவது 142 கிராம். இவர்கள் குறிப்பை அவர்கள் எண்ணால் மாற்றினால் கேக் கெட்டுப்போகும். புத்தகம் என்றால் முன்னுரையில், வலைத்தளம் என்றால் ஏதோ ஒரு மூலையில் "நான் அளப்பது இப்படி" என்று எழுதியிருப்பார்கள். முதலில் அதைத் தேடுங்கள்.

இன்னொரு விஷயம், வார்த்தை வரிசை. "சலித்த மைதா 1 கப்" என்றால் சலித்துவிட்டு அளக்க வேண்டும். "மைதா 1 கப், சலித்தது" என்றால் அளந்துவிட்டுச் சலிக்க வேண்டும். இரண்டுக்கும் 15, 20 கிராம் வித்தியாசம் வரும்.

வெண்ணெய்க்கு இந்தத் தொல்லை இல்லை. இங்கே அது குச்சி குச்சியாக விற்கிறது, ஒரு குச்சி 113 கிராம், இரண்டு குச்சி ஒரு கப், 227 கிராம். இந்தியாவில் கிடைக்கிற 100 கிராம் கட்டியை ஒரு குச்சி என்று எடுத்துக்கொண்டு பலர் செய்கிறார்கள். 13 கிராம் குறையும், பிஸ்கட்டில் அது தெரியும்.

உப்பையும் கவனியுங்கள். குறிப்பில் கோஷர் உப்பு என்றிருந்தால் அது பரல் பரலாக, லேசாக இருக்கும். டைமண்ட் கிரிஸ்டல் வகை ஒரு டீஸ்பூன் மூன்று கிராம்தான். நம் வீட்டுத் தூள் உப்பு ஒரு டீஸ்பூன் ஆறு கிராம். அதே ஸ்பூனால் போட்டால் உப்பு இரட்டிப்பாகிவிடும்.

6. நொய்யல்கரை

டல்லாஸ்வாசி அண்ணா, உங்கள் பதிவைப் படித்ததும் எழுந்து போய் மாவு டப்பாவைத் திறந்துவிட்டேன். எனக்கு இப்போது ஞாபகம் வருகிறது. முதல் சனிக்கிழமை செய்த கேக்குக்கு, முந்தின நாளே மாவைச் சலித்து டப்பாவில் கொட்டி வைத்திருந்தேன். இரண்டாவது வாரம் அவசரம். புது பாக்கெட்டை வெட்டி, அதற்குள்ளேயே கப்பை விட்டு, பாக்கெட் சுவரோடு அழுத்தி அள்ளினேன். கப் உள்ளே போகும்போது கறக் கறக் என்று சத்தம் வந்ததுகூட ஞாபகம் இருக்கிறது.

இப்போது ஒவ்வொரு விதத்திலும் ஐந்து முறை நிறுத்தேன். பழைய செய்தித்தாளை விரித்து, அதன்மேல் தராசை வைத்து, கப்பைக் கவிழ்த்துக் கவிழ்த்து.

சலித்து நிரப்பியது: 109, 114, 112, 110, 115.
கரண்டியால் போட்டு வழித்தது: 124, 121, 127, 122, 125.
பாக்கெட்டுக்குள் விட்டு அள்ளியது: 152, 147, 160, 155, 161.

கடைசி வரிசையைப் பாருங்கள், ஒரே கை, ஒரே கப், ஒரே பாக்கெட், அதற்குள்ளேயே 14 கிராம் ஆடுகிறது.

7. மனையியல்_டீச்சர்

அருமை. இப்படித்தான் செய்ய வேண்டும். இன்னும் ஒன்று பாக்கி, உங்கள் கப்பையே சோதியுங்கள். காலிக் கப்பைத் தராசில் வைத்து பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி எடை பாருங்கள். எத்தனை கிராமோ அத்தனை மி.லி. என்று வைத்துக்கொள்ளலாம். செட்டில் உள்ள எல்லாக் கப்பையும் பார்த்துவிடுங்கள்.

8. நொய்யல்கரை

டீச்சர், பார்த்தேன். நம்பவே முடியவில்லை.

1 கப்: 238. ½ கப்: 126. ¼ கப்: 66.

கால் கப்பால் நான்கு முறை அளந்தால் 264 மி.லி. வருகிறது! நான் 1¾ கப் என்பதற்கு ஒரு முழுக் கப், ஒரு அரை, ஒரு கால் என்றுதான் எப்போதும் போடுவேன். கூட்டிப் பார்த்தால் 430 மி.லி., இருக்க வேண்டியது 420. என் மைதா கணக்கைத் திரும்பப் போட்டேன். முதல் சனிக்கிழமை சலித்த மாவில் சுமார் 202 கிராம் போயிருக்கிறது. இரண்டாவது சனிக்கிழமை 280. ஒரே குறிப்பு, ஒரே ஆள், நடுவில் 78 கிராம் வித்தியாசம்.

அன்றைக்கு மாவைக் கலக்கும்போதே எனக்குத் தோன்றியது. கொதிநீர் ஊற்றினபின் அந்த மாவு ரசம் மாதிரி நீர்க்க ஓட வேண்டும். அன்று தோசை மாவுப் பதத்தில் கரண்டியிலிருந்து திட்டுத் திட்டாக விழுந்தது. பார்த்தும் ஓவனில் வைத்துவிட்டேன்.

9. யாழ்நிலவு

வணக்கம் அக்கா. நான் யாழ்ப்பாணம், இப்ப இருப்பது மெல்பனில். எங்கட வீட்டில் கேக் என்றால் எப்பவும் எடைதான். அம்மம்மாவின்ர பட்டர் கேக் குறிப்பு ஒரு றாத்தல் பட்டர், ஒரு றாத்தல் சீனி, ஒரு றாத்தல் மா, பத்து முட்டை. வெள்ளைக்காரன் காலத்தில வந்த கணக்கு. ஒரு றாத்தல் 454 கிராம். இப்ப ஊரில எல்லாரும் அதை 500 கிராம் ஆக்கிப்போட்டினம், மூன்றையும் ஒரேயளவாகக் கூட்டியதால் பிழை வராது. முட்டை மட்டும் அதே பத்துத்தான் இருக்கு, அதனால கேக் கொஞ்சம் இறுக்கமாக வரும். நான் பதினொன்று போடுவன்.

ஆனால் இங்க ஆஸ்திரேலியாவில கப் புத்தகங்கள்தான் கூட. இங்கத்தைய கப் 250 மி.லி. மேசைக்கரண்டி 20 மி.லி., மற்ற இடமெல்லாம் 15. தேக்கரண்டி 5 மி.லி. எல்லா இடமும் ஒன்றுதான். அமெரிக்கப் புத்தகத்தைப் பார்த்து இங்க வாங்கின மேசைக்கரண்டியால பேக்கிங் பவுடர் போட்டால் மூன்றில் ஒரு பங்கு கூடிப்போகும். நான் அப்படிச் செய்து, கேக் குபுகுபுவென்று எழும்பி நடுவில இறங்கி, வாயில் ஒரு கசப்பு வந்தது. அதுக்குப் பிறகு எந்தக் குறிப்பென்றாலும் எழுதினவர் எந்த நாடு என்று முதல் பார்ப்பன். ஜப்பான் குறிப்பென்றால் கப் 200 மி.லி. தான்.

10. டல்லாஸ்வாசி

யாழ்நிலவு சொன்னது முக்கியம். அமெரிக்கக் கப்பிலேயே இரண்டு கணக்கு இருக்கிறது. வழக்கத்தில் உள்ள கப் 237 மி.லி. (துல்லியமாக 236.6). உணவுப் பாக்கெட்டில் ஊட்டச்சத்து விவரம் அச்சிடும்போது சட்டப்படி 240. இந்த மூன்று மி.லி. எந்தக் கேக்கையும் கெடுக்காது. 250-ஐயும் 237-ஐயும் கலந்தால்தான் தொந்தரவு, அதுவும் பாதிப் பொருளை எடையிலும் பாதியைக் கப்பிலும் போடும்போது.

இன்னொரு பழைய கதை. இந்த வழித்தெடுக்கிற அளவே இங்கே பரவியது ஃபேனி ஃபார்மர் என்ற அம்மையாரால். பாஸ்டனில் சமையல் பள்ளி நடத்தியவர், 1896-இல் வந்த அவருடைய சமையல் புத்தகம்தான் கப்பையும் ஸ்பூனையும் தலைதட்டி அளக்கச் சொல்லி வீடு வீடாகக் கொண்டுபோனது. அதற்கு முன் "ஒரு கோழிமுட்டை அளவு வெண்ணெய்", "டீக்கப் நிறைய மாவு" என்றுதான் எழுதுவார்கள். அந்தக் காலத்துக்கு அது பெரிய முன்னேற்றம்.

11. ரொட்டிக்கடை

என் தாத்தா காலத்திலிருந்து பேக்கரி வைத்திருக்கிறோம். கடையில் கப் என்ற பேச்சே கிடையாது. முட்டையைக்கூட எண்ணுவதில்லை, உடைத்து நிறுப்போம். காரணம் இருக்கிறது. அமெரிக்கக் குறிப்பில் "பெரிய முட்டை" என்றால் ஓடு நீக்கி 50 கிராம் என்று கணக்கு. நாமக்கல்லில் இருந்து எங்களுக்கு வருகிற முட்டை உடைத்தால் 42-லிருந்து 50 வரை எதுவும் வரும். இரண்டு முட்டைக்குப் பெரிதாகத் தெரியாது. பத்து முட்டைக் கேக்கில் ஒன்றரை முட்டை காணாமல் போயிருக்கும். யாழ்நிலவு பதினொன்று போடுவதாகச் சொன்னது கை அனுபவத்தில் வந்த சரியான கணக்கு.

நொய்யல்கரை அம்மாவுக்கு இரண்டு யோசனை.

ஒன்று, தராசைப் பற்றி. ஒரு கிராம் தராசில் பேக்கிங் பவுடர், சோடா, ஈஸ்ட் நிறுக்காதீர்கள். ஐந்து கிராமுக்குக் கீழே அது காட்டுவதை நம்ப முடியாது. இன்னொரு கோளாறும் உண்டு, நிறையப் பேருக்குத் தெரியாது. சிட்டிகை சிட்டிகையாக மெதுவாகத் தூவினால் சில தராசுகள் அதைக் காற்றின் ஆட்டம் என்று நினைத்து எண்ணாமலே விட்டுவிடும், பூஜ்யத்திலேயே நிற்கும். நீங்கள் இன்னும் விழவில்லையே என்று கூடப் போட்டுவிடுவீர்கள். நகைக்கடையில் வைத்திருப்பது போன்ற சின்னத் தராசு, 0.1 கிராம் காட்டுவது, வாங்கிக்கொள்ளுங்கள். இல்லை என்றால் சின்ன அளவுகளை ஸ்பூனிலேயே வைத்துக்கொள்ளுங்கள், தலைதட்டி அளந்தால் போதும், குற்றம் ஒன்றுமில்லை.

இரண்டு, எல்லாவற்றையும் எடைக்கு மாற்றியபின் மொத்தத்தைக் கூட்டுங்கள். நம் ஊரில் கேக்கை விற்பதே கிலோ கணக்கில்தானே. அரைக் கிலோ, ஒரு கிலோ என்றுதான் கேட்கிறார்கள். உங்கள் குறிப்பு கிட்டத்தட்ட 1,400 கிராம் மாவு தரும். என் ஓவனில் நூற்றுக்கு எட்டிலிருந்து பத்து கிராம் ஆவியாகும், உங்களுடையதில் எவ்வளவு என்று ஒரு தடவை நிறுத்துப் பாருங்கள். அப்புறம் எந்த ஆர்டருக்கு எவ்வளவு கலக்க வேண்டும் என்பது கையில் இருக்கும். இரண்டு டின்னிலும் சமமாக ஊற்ற கண்ணளவு தேவையில்லை, தராசில் வைத்தே ஊற்றலாம்.

12. மணக்கும்_வெனிலா

இடையில் ஒரு சந்தேகம். "பொடித்த சர்க்கரை 1 கப்" என்று என் குறிப்பில் இருக்கிறது. நான் ஒரு கப் சர்க்கரையை மிக்ஸியில் பொடித்து அப்படியே போடுகிறேன். இனிப்பு தூக்கலாக இருக்கிறது. ஏன்?

13. மனையியல்_டீச்சர்

ஒரு கப் சர்க்கரை 200 கிராம். அதைப் பொடித்தால் எடை அதேதான், இடம் மட்டும் அதிகமாகும், ஒன்றரைக் கப்புக்கு மேல் வரும். குறிப்பு கேட்பது பொடித்தபின் ஒரு கப். அது 115, 120 கிராம்தான். நீங்கள் 80 கிராம் கூடுதலாகப் போட்டிருக்கிறீர்கள் அம்மா. தராசில் 120 கிராம் சர்க்கரையை நிறுத்து, அதையே பொடித்துப் போடுங்கள்.

நாட்டுச் சர்க்கரைக்கும் இதே கவனம் வேண்டும். பிரவுன் சர்க்கரை என்று வரும் இடத்தில் கப்பில் அமுக்கி நிரப்புவது அமெரிக்க வழக்கம், 213-லிருந்து 220 கிராம். நாம் நாட்டுச் சர்க்கரையை உதிரியாகப் போட்டால் அதில் நாலில் ஒரு பங்கு குறைந்துவிடும்.

14. செட்டிநாட்டுப்பெண்

நான் ரொம்ப நாளாக இந்தத் தளத்தைப் படிக்க மட்டும் செய்கிறவள். இந்தத் திரியைப் பார்த்ததும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

என் பெரியம்மா செய்யும் ரவா கேக் எங்கள் வீட்டில் ஒவ்வொரு பொங்கலுக்கும் உண்டு. போன ஆண்டு அவர் காலமாகிவிட்டார். அவர் கையெழுத்தில் ஒரு தாள் இருக்கிறது: ரவை 2 டம்ளர், தயிர் 2 டம்ளர், சர்க்கரை 1½ டம்ளர், நெய் ½ டம்ளர், சோடா 1 சின்ன ஸ்பூன், ஏலக்காய். அவ்வளவுதான். அந்த டம்ளர் எங்கே போயிற்று என்று யாருக்கும் தெரியவில்லை. வீட்டில் உள்ள பெரிய டம்ளரால் செய்தேன், கேக் சோகையாக, எழும்பாமல் இருந்தது. கப்புக்காவது 240, 250 என்று கணக்கு இருக்கிறது. டம்ளருக்கு எங்கே போவது?

15. மனையியல்_டீச்சர்

மனம் தளர வேண்டாம் மகளே. எல்லாவற்றையும் ஒரே டம்ளரால் அளந்திருக்கிறார் என்பதே பெரிய உதவி. ரவைக்கு இவ்வளவு தயிர், இவ்வளவு சர்க்கரை என்ற விகிதம் எந்த டம்ளரிலும் மாறாது. டம்ளரின் அளவு மாறினால் கேக்கின் அளவுதான் மாறும். மாறாமல் தனியாக நிற்பது ஒன்றே ஒன்று, அந்த ஒரு ஸ்பூன் சோடா. நீங்கள் பெரிய டம்ளரை எடுத்ததால் மாவு கூடி, அதே சோடா பற்றாமல் போயிருக்கிறது. (முட்டை போடும் குறிப்பென்றால் முட்டையும் இதேபோல் தனியே நிற்கும்.)

அவர் கேக் செய்த பாத்திரம் இருக்கிறதா?

16. செட்டிநாட்டுப்பெண்

இருக்கிறது டீச்சர்! வட்டமான பழைய அலுமினிய டின். ஒரு பக்கம் நசுங்கி ஒரு பள்ளம் இருக்கும். மாவு அந்தப் பள்ளத்தின் மேல் விளிம்பு வரைக்கும்தான் ஊற்ற வேண்டும் என்று பெரியம்மா சொல்லிக்கொண்டே ஊற்றுவார். என் அக்காவுக்கும் நன்றாக ஞாபகம் இருக்கிறது.

17. ரொட்டிக்கடை

அப்படியென்றால் டம்ளர் கிடைத்த மாதிரிதான். அந்தப் பள்ளம் வரை தண்ணீர் ஊற்றி, டின்னோடு தராசில் வைத்து எத்தனை மி.லி. என்று எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம் ஒரு சின்னக் கப், 100 மி.லி. பிடிப்பதாக எடுத்துக்கொண்டு, அதையே டம்ளர் என்று வைத்து முழுக் குறிப்பையும் கலக்குங்கள். சோடா மட்டும் இப்போது வேண்டாம். கலந்த மாவு மொத்தம் எத்தனை மி.லி. என்று அளந்து பாருங்கள். டின் அளவை மாவு அளவால் வகுத்து நூறால் பெருக்கினால் பெரியம்மாவின் டம்ளர் வந்துவிடும். கலந்த மாவை வீணாக்க வேண்டாம், அரை ஸ்பூனுக்குச் சற்றுக் கூடுதலாகச் சோடா போட்டுச் சின்ன டின்னில் சுட்டுவிடுங்கள்.

18. நொய்யல்கரை

என் பக்கத்துச் செய்தி. டல்லாஸ்வாசி அண்ணா சொன்னபடி குறிப்பு எழுதியவர் எப்படி அள்ளுகிறார் என்று தேடினேன், எங்கும் சொல்லியிருக்கவில்லை. அதனால் அரைக் குறிப்பாக, ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு முட்டை வருகிற மாதிரி, மூன்று கேக் செய்தேன். மற்ற எல்லாவற்றையும் கிராமில் ஒன்றாக வைத்துவிட்டு மைதாவை மட்டும் மாற்றினேன்: 105, 112, 122 கிராம்.

105: தொட்டால் உள்ளே போகிறது, அவ்வளவு மென்மை. சாப்பிட அருமை, ஆனால் கத்தி வைத்ததும் ஓரம் உதிர்ந்தது. கிரீம் பூசி அடுக்கினால் தாங்காது.

122: மேலே மெல்லிய மேடு. அன்றைக்கு நன்றாகத்தான் இருந்தது. மறுநாள் காலை ஒரு துண்டு எடுத்தேன், அந்த அக்கா சொன்னது எனக்கும் புரிந்தது.

112: மேல்பகுதி தட்டையாக, வெட்டு சுத்தமாக. மூன்றாம் நாளும் ஈரம் இருந்தது.

என் முழுக் குறிப்பு இப்போது இதுதான்: மைதா 225 கிராம், சர்க்கரை 400, கோகோ 64, முட்டை ஓடு நீக்கி 100, பால் 245, எண்ணெய் 110, கொதிநீர் 237. பேக்கிங் பவுடர், சோடா, உப்பு, வெனிலா பழையபடி ஸ்பூனில். சுடுவதற்கு முன் மொத்தம் 1,408 கிராம், சுட்டு ஆறியபின் 1,290. கப்பைக் கழுவுகிற வேலையும் மிச்சம், ஒரே பாத்திரத்தில் பூஜ்யம் அழுத்தி அழுத்தி எல்லாவற்றையும் கொட்டிவிடுகிறேன்.

ஒன்று சொல்ல வேண்டும். 225 என்பது என் ஓவனுக்கும் நான் வாங்குகிற மைதாவுக்கும் வந்த எண். கோதுமை மாவு கலந்து செய்கிறவர்கள் அப்படியே எடுக்க வேண்டாம், அது தண்ணீரை அதிகம் குடிக்கும்.

அந்த அக்காவுக்கு நேற்று ஒரு கேக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன். காசு வாங்கவில்லை.

19. யாழ்நிலவு

நல்ல வேலை அக்கா. நானும் இந்தக் கிழமை அம்மம்மாவின்ர தாளில றாத்தலுக்குப் பக்கத்தில 454 என்று எழுதி வைத்தேன். முட்டைக்கு நேரே "உடைத்து 500 கிராம்" என்றும் எழுதினேன்.

20. செட்டிநாட்டுப்பெண்

ரொட்டிக்கடை ஐயா சொன்னபடியே செய்தேன். பள்ளம் வரை தண்ணீர் 760 மி.லி. நூறு மி.லி. கப்பால் கலந்த மாவு 430 மி.லி. வகுத்தால் டம்ளர் சுமார் 177 மி.லி. அக்காவிடம் சொன்னபோது, "காபி டம்ளர்தாண்டி அது, அடியில் வரி போட்டிருக்குமே" என்றாள். நான் தண்ணீர் குடிக்கிற பெரிய டம்ளரில் அளந்துகொண்டிருந்திருக்கிறேன்.

நேற்று முழு அளவில் செய்தேன். ஒவ்வொன்றையும் அந்த அளவுக்குப் போட்டுவிட்டு நிறுத்தேன்: ரவை 248 கிராம், தயிர் 358, சர்க்கரை 225, நெய் 80. சோடா ஒரு சின்ன ஸ்பூன். தயிரில் ரவையை அரைமணி நேரம் ஊறவிட்டேன், தாளில் அது இல்லை, ஆனால் பெரியம்மா கலந்து மூடி வைத்துவிட்டுக் குளிக்கப் போவது எனக்கு ஞாபகம் இருக்கிறது. மாவு பள்ளத்தின் விளிம்பை ஒரு நூல் தாண்டித்தான் நின்றது.

கேக் எழும்பியது. அக்கா மகன் இரண்டு துண்டு சாப்பிட்டுவிட்டு, "ஆச்சி செய்வதில் ஓரம் இன்னும் சிவந்திருக்கும்" என்றான். அடுத்த முறை பத்து நிமிடம் கூட விட்டுப் பார்க்கிறேன். கிராம் கணக்கைத் தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதியிருக்கிறேன், முன்பக்கத்தை அப்படியே விட்டுவிட்டேன்.